ஒச்சம்மாள் கேட்ட ஒரு வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் ஒச்சம்மாள் மாடியேறி வந்தாள். சுக்கு புடைக்கும் இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"மாமி, அன்னிக்கு ஜன்னல்லேருந்து நீங்க கண்டதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். நாளைக்குச் சாயங்காலம் சங்கத்துல கூட்டம். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிடுறேன்."

ஒரு வரி. பத்து வார்த்தைகூட வேண்டாம். காகிதம் எடுத்தேன், பேனாவுக்கு மை நிரப்பினேன், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்த வரி வரவில்லை. இதோ இது வந்துகொண்டிருக்கிறது.

என் பெயர் பாக்கியலக்ஷ்மி. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் குடியிருக்கிறேன். ஆத்துக்காரருக்குக் கீழே கம்பெனியில் குமாஸ்தா வேலை. எனக்கு மேலே ஜன்னலில் வேலை. மெட்ராஸ் வாரப்பத்திரிகைகள் என் ஏழு கதைகளைப் போட்டிருக்கின்றன. திரும்பி வந்தவை எத்தனை என்று கேட்பது மரியாதை இல்லை. தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் எனக்கு ஆகாசவாணி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் கேட்கிற தூரத்தில்.

2

தொடக்கம் அமையவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மிளகும் ஏலமும் மணக்கும் மட்டாஞ்சேரியின் பழைய தெருக்களில்—" அடித்துவிட்டேன். இங்கே அந்த மணம் யாருக்கும் தெரியாது. அது படகில் வந்து இறங்கி அன்றைக்கே திரும்புகிறவர்களுக்கு மட்டும் வருகிற மணம். எங்களுக்கு வருவது நனைந்த சாக்கின் நாற்றம்.

"வலி என்பது ஒரு மனிதனின் ஆகப் பெரிய தனிமை—" இதையும் அடித்தேன். எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டால் நாலு வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவள் நான். தனிமையாவது ஒன்றாவது.

"1983 பிப்ரவரி பதினேழாம் தேதி, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், செல்லப்பா என்ற சுமட்டுத் தொழிலாளியின் முதுகில் டாக்டர் சிவராமகிருஷ்ணன் ஊசி போட்டார்." இது நிற்கும். தேதி போட்டுவிட்டால் வாசகர்கள் நம்பிவிடுகிறார்கள். நானும் பைப்படியில் அப்படித்தான் செய்வேன்.

3

செல்லப்பா யார் என்று சொல்ல வேண்டும். ஒச்சம்மாளின் புருஷன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். வந்து பதினெட்டு வருஷம். நாற்பது வயது இருக்கும், பார்த்தால்—

(இங்கே "தேக்கு மரம் போன்ற உடம்பு" என்று எழுதியிருந்தேன். அவன் உடம்பு அப்படி இல்லை. தோள் இரண்டும் காய்த்து, கால் இரண்டும் மெலிந்து, ஏதோ அவசரத்தில் இரண்டு ஆட்களை ஒட்டவைத்தது மாதிரி இருப்பான். ஆனால் சுமட்டுக்காரன் என்றால் வாசகர்கள் தேக்கைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.)

கீழே கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிற இருபத்திரண்டு பேர் கூட்டத்தில் அவன் ஒருவன். 82 ஓணத்துக்குப் பிறகு அவனுக்கு இடுப்பில் வலி வந்தது. குனிந்தால் தேவலை, நிமிர்ந்தால், அதுவும் பாரத்தோடு நிமிர்ந்தால், நடு இடுப்பில் தொடங்கித் தொடை வரைக்கும் பிடித்து இழுக்கும். எண்ணெய் தேய்த்தார்கள், கிழி கட்டி ஒத்தடம் வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் தெரியாத வலி பஜாரில் செல்லாது. "சாயாக்கடையில ரண்டு மணிக்கூர் இருக்குறான், அப்ப வலி எங்க போகுது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் கேட்டேன். நல்ல கேள்விதானே.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீக்காய்க் கிடக்கிறவன் எத்தனை நாள் வராவிட்டாலும் பெயரை எடுக்க மாட்டார்கள். ஆனால் அவன் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து ஒரு மூட்டை ஏற்றிவிட்டால், வேலைக்குத் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். டாக்டர் சீட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம். சும்மாடுதான் சாட்சி. அதற்குப் பிறகு அவன் வலி என்று வாயைத் திறக்கக் கூடாது.

இன்னொரு வழக்கம்: கிழிந்த சாக்கைத் தைக்கிற வேலை. கோணி ஊசியும் சணல் நூலுமாக முற்றத்து மூலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. முதுகு போனவனுக்கு என்று கூட்டம் ஒதுக்கி வைத்த இடம் அது, ஒரே ஒரு இடம். அதில் இருந்த வேலன் அந்த மார்ச்சில் ஊருக்குப் போவதாக இருந்தான். அடுத்தது செல்லப்பா என்று எல்லோரும் பேசி வைத்திருந்தார்கள்.

செல்லப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்த மூலை. அவ்வளவுதான் இந்தக் கதையின் லட்சியம். பெரிய லட்சியமாக இல்லையே என்று பத்திரிகை ஆசிரியர் எழுதுவார். எழுதட்டும்.

4

டாக்டர் சிவராமகிருஷ்ணன் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிறவர். வியாழக்கிழமைகளில் மட்டும், எக்ஸ்ரேயில் தெரியாத வலிக்காரர்களைப் பார்ப்பார். அவர் சொன்னதைப் பிற்பாடு ஒச்சம்மாள் வாயால் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். (இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

முதுகெலும்பில் கண்ணிக்குக் கண்ணி பக்கவாட்டில் சின்ன மூட்டுகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் நூல் மாதிரி ஒரு நரம்பு. அதில் எது வலியைக் கொண்டுவருகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் திரையில் எலும்பைப் பார்த்துக்கொண்டே நீள ஊசியை உள்ளே விட்டு, சந்தேகப்படுகிற நரம்புக்குப் பக்கத்தில் மரத்துப்போகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாகப் போடுவது. வலி நின்றால், குற்றவாளி அந்த நரம்புதான். நிற்காவிட்டால் வேறே இடம் தேட வேண்டும்.

"இது சிகிச்சை இல்லை, செல்லப்பா. ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை," என்றாராம் டாக்டர். "நாலு மணி நேரம் தாங்கும். அந்த நாலு மணி நேரத்தில் பேசாமல் படுத்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. எது செய்தால் உங்களுக்கு வலிக்குமோ அதைச் செய்து பாருங்கள். அரை மணிக்கு ஒரு தடவை இந்தக் காகிதத்தில் எண் போடுங்கள். வலியே இல்லை என்றால் சைபர், தாங்க முடியாது என்றால் பத்து."

"மருந்து இறங்கினப்புறம், சாரே?"

"வலி திரும்ப வரும். வந்தால்தான் நல்லது."

வலி திரும்பி வந்தால் நல்லது என்று சொல்கிற டாக்டரை ஒரு பாத்திரமாக வைத்துக்கொண்டு கதாசிரியர் என்ன செய்வது? நகைச்சுவைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பத்தாம் பகுதி வரை போனால் அவர்தான் இதில் ஒரே நியாயஸ்தர் என்று தெரிந்துவிடும். அதனால் அந்தப் பகுதி வரை போகப்போவதில்லை.

5

பன்னிரண்டு மணிப் படகில் செல்லப்பாவும் ஒச்சம்மாளும் திரும்பினார்கள். கூட்டம் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். முற்றத்தில் யாரும் இல்லை. பிள்ளையில்லாத வீட்டில் மத்தியானம் ஒரு பெண்பிள்ளைக்கு ஜன்னலை விட்டால் என்ன இருக்கிறது?

செல்லப்பா வந்தான். நிமிர்ந்து நின்றான். அவன் நிமிர்ந்து நின்று நான் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இடுப்பைப் பின்னால் வளைத்தான். மறுபடி வளைத்தான். பிறகு மூட்டை அடுக்கியிருந்த இடத்துக்குப் போய்ச் சும்மாடு சுற்றிக்கொண்டு, அறுபது கிலோ மிளகு மூட்டையைத் தூக்கி, முற்றத்தின் குறுக்கே பத்தடி நடந்து, திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். வைத்துவிட்டுச் சிரித்தான். யாரும் இல்லாத முற்றத்தைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு.

இந்த இடத்தில்தான் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். நீங்களும் கேட்பீர்கள். வழக்கம் தெரிந்தவன், பதினெட்டு வருஷம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன், சாக்கு தைக்கிற மூலைக்காகக் காத்திருக்கிறவன், எதற்காகச் சும்மாடு சுற்றினான்? ஆள் இல்லாத தைரியமா? மறதியா? காரணம் எழுத நாலு விதமாக முயன்றேன். எதுவும் ஒட்டவில்லை. இருக்கட்டும், மேலே போகலாம்.

6

மூன்று மணிக்குப் பைப்பில் தண்ணீர் வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் பன்னிரண்டு குடம்.

"என்ன மாமி, விசேஷம்?" என்று எப்போதும் போலக் கேட்டார்கள்.

"விசேஷமா? செல்லப்பாவுக்கு வலின்னு சொன்னாளே, கேட்டியோ. சும்மாடு சுத்திண்டு மூட்டையைப் பூமாலை மாதிரி தூக்கி வெச்சான். இந்தக் கண்ணால பார்த்தேன்."

நல்ல வாக்கியம். வேண்டாததும் இல்லை, வேண்டியது விட்டுப்போகவும் இல்லை. அச்சில் வந்த என் ஏழு கதைகளையும் சேர்த்து எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது. இந்த வாக்கியம் ஐந்து மணிக்குப் படகுத்துறை வரை போய்விட்டது.

அதற்குள் செல்லப்பாவின் மருந்தும் இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே வந்தவனை, நல்ல நடிகன் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் கூட்டம் கூடியது. சங்கத்தின் கன்வீனர் சங்கிலிப்பாண்டி எங்கள் மாடிப்படி அடியில் வந்து நின்றான். அவன் பின்னால் கூட்டம். சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து செல்லப்பா. அவன் நீட்டிய காகிதத்தைச் சங்கிலிப்பாண்டி வாங்கினான், இங்கிலீஷில் இருந்தது.

"மாமி, ஒண்ணு இறங்கி வரணும். இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க. இவன் டாக்டரு தூக்கச் சொன்னாருங்கான்."

இறங்கிப் போனேன். காகிதத்தில் மேல்பாதி அச்சடித்திருந்தது. கீழே கட்டங்கள். கட்டங்களில் செல்லப்பாவின் கோணல் எழுத்து.

"சைபர்," என்று வாசித்தேன். "சைபர். சைபர். சைபர்."

"அப்படின்னா?"

"வலி இல்லேன்னு அர்த்தம்."

"நல்லாக் கேட்டுக்கங்கப்பா. அவனே எழுதியிருக்கான்," என்றான் ஒருவன். யாரோ சிரித்தார்கள்.

"இல்ல மாமி, மேல இருக்குமே, அதை வாசிங்க," என்றான் செல்லப்பா. குரலை உயர்த்தவில்லை.

"மேலே ஆஸ்பத்திரி பேரு, விலாசம்," என்றேன்.

சங்கிலிப்பாண்டி கெட்டவன் இல்லை. அவன் இன்னொன்றும் கேட்டான். "டே, வெறும் தோள்ல வச்சுத் தூக்கியிருந்தா விட்டுரலாம். மாமி, அவன் தலையில சும்மாடு இருந்துச்சா? ஓர்மை வச்சுச் சொல்லுங்க."

இருபத்தொரு பேர் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் இத்தனை வாசகர்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

"இருந்த மாதிரிதான் இருந்தது," என்றேன்.

7

திருத்தங்கள்.

நாலாம் பகுதியில், டாக்டர் சொன்னதைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று எழுதியிருக்கிறேன். இல்லை. ஊசிக்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலமே, டாக்டர் போன வியாழன் கொடுத்திருந்த அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து, "மாமி, இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று ஒச்சம்மாள் கேட்டாள். மேல்பாதியில் இருந்தது விலாசம் மட்டும் அல்ல. 'மருந்து வேலை செய்யும் நேரத்தில், வழக்கமாக உங்களுக்கு வலி தரும் காரியத்தைச் செய்து பார்க்கவும்.' நான்தான் தமிழில் சொன்னேன். "எந்தக் காரியம்?" என்று அவள் கேட்டபோது, "அவனுக்கு மூட்டைதானே வலி?" என்று சொன்னதும் நான்தான். டாக்டர் மனசில் குடம் தூக்குவதோ வெறுமனே நிமிர்வதோ இருந்திருக்கலாம்.

ஐந்தாம் பகுதி. செல்லப்பாவின் தலையில்—

(அடிக்குறிப்பு: இந்த இடத்தில் எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.)

அந்த மத்தியானம் அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். எடுத்து, நாலாக மடித்து, தூணோரம் தரையில் வைத்தான். பார்த்துப் பார்த்து மடித்து வைத்தான், கோயிலுக்குள் போகிறவன் சட்டையைக் கழற்றி வைப்பது போல. பிறகு வெறும் தோளில் மூட்டையை ஏற்றினான். வேலைக்கு வரவில்லை, பரீட்சைக்குத்தான் தூக்குகிறேன் என்று ஆளில்லாத முற்றத்துக்குக்கூடச் சொல்லிவிட்டுத்தான் தூக்கினான். அவன் பாத்திரத்தில் பிசகே இல்லை. பாத்திரத்துக்கு ஒத்துவராத சும்மாட்டை அவன் தலையில் வைத்தது நான். அதனால்தான் காரணம் ஒட்டவில்லை.

ஏன் வைத்தேன்? "தோளில் மூட்டை தூக்கினான்" என்றால் வாக்கியம் நொண்டுகிறது. சும்மாடு சுற்றியதும் நிமிர்ந்துகொள்கிறது. எந்தப் பகையும் இல்லை, நம்புங்கள். ஒரு விவரம் கூடினால் கதை உயிரோடு இருக்கும் என்று கதை எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். பைப்படியில் எனக்கு முன்னால் பன்னிரண்டு குடம் இருந்தது, நேரமும் இருந்தது.

8

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில், மாடிப்படியடியில் நான் காகிதத்தின் மேல்பாதியையும் வாசிக்கிறேன். கூட்டம் தலைகுனிகிறது. ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இதைப் பத்திரிகை உடனே போடும். படம்கூட வரைந்து போடும்.

இரண்டாம் முடிவில், டாக்டர் சிவராமகிருஷ்ணன் படகில் வந்திறங்கிக் கூட்டத்துக்குப் புரியவைக்கிறார். டாக்டர்கள் படகில் வந்து இறங்குவதில்லை.

மூன்றாவது நடந்தது. சாக்கு தைக்கிற மூலை பிச்சை என்பவனுக்குப் போனது; அவனுக்கும் முதுகு போனதுதான், அவன்மேல் குற்றமில்லை. செல்லப்பா அடுத்த வியாழனும் எர்ணாகுளம் போனான். டாக்டர் அதே இடத்தில் அதே ஊசியைப் போட்டார், ஆனால் உள்ளே போனது வெறும் உப்புத் தண்ணீர். அவனிடம் சொல்லவில்லை. கட்டம் கட்டமாக எட்டு, எட்டு, ஒன்பது என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தான். மருந்துக்கு நிற்கிறது, தண்ணீருக்கு நிற்கவில்லை, ஆகையால் வலி பொய்யில்லை, இடமும் இதுதான் என்றார் டாக்டர். சீட்டும் எழுதிக் கொடுத்தார். அந்த நரம்பை மருந்தால் சுட்டுவிட்டால் ஒன்றரை வருஷம் நிம்மதி, ஆனால் பதினைந்து நாள் பாரம் தொடாமல் கிடக்க வேண்டும் என்றார்.

சும்மாடு சுற்றி வேலைக்குத் திரும்பியவனுக்குப் பதினைந்து நாள் ஏது? சீட்டைச் சங்கிலிப்பாண்டி மடித்துத் திருப்பிக் கொடுத்தான். செல்லப்பா மூன்றாவது ஊசிக்குப் போகவில்லை. மூட்டைக்குப் போனான். மூன்று வருஷம்.

ஆட்களை நம்புவதற்கு டாக்டர் உப்புத் தண்ணீரை வைத்திருந்தார். நாங்கள் என்னை வைத்திருந்தோம்.

9

இப்போது 86. பிச்சைக்குக் கண் மங்கிவிட்டது, ஊருக்குப் போகிறான். மூலை மறுபடி காலி. சங்கிலிப்பாண்டி ஒச்சம்மாளிடம் சொன்னானாம்: "அன்னைக்குச் சும்மாடு இல்லேன்னு மாமி எழுதித் தரட்டும். நான் கூட்டத்துல பேசிக்கிடுறேன்." மூலை கிடைத்தால் செல்லப்பா பதினைந்து நாள் படுக்கலாம். ஊசி போட டாக்டர் இப்போதும் தயார்.

நேற்று அவள் வாசற்படியில் நின்று கேட்டாள் என்று முதல் பகுதியில் எழுதினேன். முழுசும் எழுதவில்லை. படியிறங்கத் திரும்பியவள் இன்னொன்றும் சொன்னாள்:

"பொய் சொன்னேன்னு எழுத வேண்டாம் மாமி. தூரத்துல சரியாத் தெரியலன்னு எழுதுங்க. அது போதும் எங்களுக்கு."

மூன்று வருஷமாக அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் பைப்படியில் தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டிருக்கிறாள்.

"தூரத்தில் தெரியவில்லை" என்று எழுதுவது சுலபம் என்று நினைப்பீர்கள். எழுதிப் பார்த்தேன். அது இன்னொரு சும்மாடு. உண்மையை எழுதினால், நாளை முதல் பைப்படியில் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் எல்லோரும் தங்கள் குடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ஆத்துக்காரர் கீழே அதே முற்றத்தைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போக வேண்டும். இதெல்லாம் ஒரு மனிதனின் இடுப்புக்கு ஈடாகுமா என்று கேட்காதீர்கள். ஈடாகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் காலையிலிருந்து ஒன்பது பகுதி எழுதியிருக்கிறேன். ஒரு வரி கேட்டவளுக்கு.

10

இந்தப் பகுதி வரை வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

மணி நாலடிக்கப் போகிறது. படியில் சத்தம் கேட்கிறது. ஒரு ஆள் இல்லை, இரண்டு பேர். ஒருத்தர் மூன்று படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு விட்டு, மறுபடி ஏறுகிறார். எங்கள் படி பதினெட்டு. இதுவரை ஆறு ஆகியிருக்கிறது.

அந்தக் காகிதம் முன்னால் இருக்கிறது. தேதி போட்டாயிற்று. தேதியில் நான் பிசகுவதில்லை. கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன், அது முதலிலேயே போட்டது. நடுவில் இவ்வளவுதான்:

"1983 பிப்ரவரி பதினேழாம் தேதி மத்தியானம், என் ஜன்னலிலிருந்து நான் கண்டபோது, செல்லப்பாவின் தலையில்"

ஒன்பது படி.

மீதியை நீங்கள் எழுதிவிடுங்கள். நீங்கள் எல்லாம் படித்துவிட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். எழுதியதும் எனக்குக் காட்ட வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் கொடுங்கள்.

பன்னிரண்டு. நின்றுவிட்டான். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறான்.